பின்பற்ற ஆள் தேடித் தருமா யூடியூப் முகப்பு?

உடற்பயிற்சி, பங்குச்சந்தை, கோடிங் என்று எதைத் தொட்டாலும் யூடியூப் முகப்பு ஓர் ‘அண்ணனை’க் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. பல இளைஞர்கள் முன்மாதிரியைத் தேடுவதே இல்லை. வந்தவரை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆள் பிடித்துத் தரும் கருவியாக முகப்புக்கு ஐந்துக்கு இரண்டுதான் தரலாம்.

முதல் குறை, அது ஆளை எடைபோடும் விதம். 2012 முதல் பார்வை எண்ணிக்கையைவிடப் பார்க்கும் நேரத்துக்கு மதிப்பு கூடியது. பயனர் திருப்தி போன்ற அளவுகோல்கள் பிறகு சேர்ந்தன. ஆனாலும் திட்டுவதற்காகவே ஒருவரை முழுக்கப் பார்த்தால், மறுநாளும் அவர் முகம் வந்து நிற்க வாய்ப்புண்டு.

இரண்டாவது குறைதான் பெரியது. பார்த்துக் கற்பதற்கு நான்கு படிகள் தேவை என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா: கவனித்தல், நினைவில் நிறுத்துதல், செய்துபார்த்தல், ஊக்கம். முகப்பில் வரும் ஷார்ட்ஸ் என்னும் குறுவீடியோ முதலாவதையும் கடைசியையும் வாரி வழங்குகிறது, மூன்றாவது காணாமல்போகிறது. நூறு கிலோ எடையைத் தூக்கும் நொடி தெரியும். எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை நாள், எங்கே முதுகு பிடித்தது என்பது தெரியாது. 2024 அக்டோபரில் ஷார்ட்ஸ் 3 நிமிடம்வரை நீண்டது. இதற்கெல்லாம் அதுவும் போதாது. பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது, பிழை வந்து, தேடி, திருத்துவதுவரை வெட்டாமல் காட்டும் நீண்ட வீடியோவைத்தான்.

வேண்டாதவரை விலக்கும் பொத்தான்களும் சுமார்தான். ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் 2022 ஆய்வில், ‘ஆர்வமில்லை’ என்று அழுத்தியது தேவையற்ற பரிந்துரைகளில் 11 சதவீதத்தையே தடுத்தது. பார்த்த வீடியோக்களின் வரலாற்றிலிருந்து நீக்கியது 29, ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்’ 43. ஆகவே வீடியோவின் ஓரத்திலுள்ள மூன்று புள்ளியில் சேனலையே தடுங்கள்; அவரைப் பார்த்த பழைய வீடியோக்களையும் வரலாற்றிலிருந்து நீக்குங்கள். ஒன்றை மட்டும் செய்தால், அதே பேச்சு வேறொரு முகத்தோடு திரும்பி வரும். வரலாற்றை முழுக்க அழித்து நிறுத்திவைத்தால் முகப்பு ஏறக்குறைய காலியாகிவிடும். குறையல்ல, வசதி!

தேடல் பெட்டிக்கு நான்கு மதிப்பெண். ஆள் பெயரைத் தேடாமல் செய்ய வேண்டிய வேலையைத் தேடுங்கள். ‘வெற்றி’யைச் சேர்த்தால் மறுபடி மேடைப் பேச்சாளர்களே வருவார்கள். ‘முதல் வருடம்’, ‘செய்த தவறு’ போன்ற சொற்களைச் சேர்த்துப் பாருங்கள்.

எட்டும் தூரத்தில் இருப்பவரைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். உளவியலாளர்கள் லாக்வுட், குண்டா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், சாதித்த நான்காம் ஆண்டு மாணவரைப் பற்றிப் படித்த முதலாம் ஆண்டு மாணவர்கள் உற்சாகமடைந்தார்கள். நான்காம் ஆண்டினருக்கு அந்த உற்சாகம் வரவில்லை. எட்டிப்பிடிக்க அவர்களுக்குக் காலம் மிச்சமில்லை. முகப்பு பெரும்பாலும் உச்சியில் நிற்பவரையே காட்டும். உங்களைவிட இரண்டு, மூன்று ஆண்டு முன்னே நிற்பவரின் சேனலில் பார்வைகள் குறைவாகவே இருக்கும். அங்கே கேள்வி கேட்டால் பதில் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.