நடுராத்திரி விழிப்பு: படுத்தே கிடப்பதா, எழுந்துவிடுவதா?

மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில்தான் எனக்கு இது ஆரம்பித்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரவு இரண்டே முக்காலுக்கு விழிப்பு வரும். முதலில் கணக்கில் சேராமல் நிற்கும் ஒரு பில் நினைவுக்கு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கடன் தவணை, பையனின் கல்லூரிக் கட்டணம், கடைசியில் அம்மாவின் சர்க்கரை அளவு. நான்கரைக்குப் பால் வண்டி தெருமுனையில் நிற்கும் சத்தம் கேட்கும்போது கண் சொருகும். ஐந்தரைக்கு அலாரம் அடித்துவிடும்.

மார்ச் முடிந்தும் விழிப்பு போகவில்லை. கேட்டவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அந்த வழிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தன. அசையாமல் படு என்றார் ஒருவர், உடனே எழுந்துவிடு என்றார் இன்னொருவர். மனதில் இருப்பதை எழுது என்று ஒரு பேச்சு, எதையும் நினைக்காதே என்று ஒரு பேச்சு. இரண்டையும் ஒரே இரவில் செய்ய முடியாது. அதனால் செய்து பார்த்ததையும் தேடிப் படித்ததையும் வைத்து, எது யாருக்கு உதவும் என்று இங்கே எழுதுகிறேன். என்னைப் போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும்.

படுத்திருப்பதும் எழுவதும்

"கண்ணை மூடிப் படு கண்ணு, உடம்பாவது ஓய்வெடுக்கும்" என்பது அம்மாவின் வழி. ஒன்றிரண்டு இரவுகளுக்கு அது சரிதான். ஊருக்குப் போய் வந்த அலுப்பு, வீட்டில் விசேஷம் என்று வரும் விழிப்பு தானாகவே அடங்கிவிடும். வாரக்கணக்கில் தொடரும்போதுதான் சிக்கல். ஹாலில் தொலைக்காட்சி பார்த்தபடி உட்கார்ந்தே தூங்கி வழிவேன். எழுந்து போய்க் கட்டிலில் சாய்ந்த மறுநிமிடம் தூக்கம் பறந்துவிடும். இப்படி நடந்தால், கட்டில் தூங்கும் இடமாக இல்லாமல் கவலைப்படும் இடமாக உங்கள் உடம்புக்குப் பழகிவிட்டது என்று பொருள்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972-இல் சொன்ன முறை இந்தப் பழக்கத்தைத்தான் குறிவைக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவது, செல்போன் பார்ப்பது, கணக்குப் போடுவது கூடாது. கால் மணி, இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாகவே இதை முடிவு செய்ய வேண்டும். தூக்கம் வந்தால் திரும்பி வந்து படுக்கலாம். இரவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம். எப்போது தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், பகலில் தூங்கக் கூடாது.

வேறு அறைக்குப் போ என்று சொல்வது எளிது. ஒரே ஹாலில் நான்கு பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில் எங்கே போவது? அப்படிப்பட்ட வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்தாலும் போதும். உண்மையில் பாயில் படுத்த தலைமுறைக்கு இந்த முறையில் பாதி தானாகவே கைவந்திருந்தது. விடிந்ததும் பாயைச் சுருட்டிவிட்டால் படுக்கை என்ற ஒன்றே வீட்டில் இல்லை. இன்று கட்டிலிலேயே காபி, கட்டிலிலேயே செல்போன், கட்டிலிலேயே பிள்ளைகளின் வீட்டுப்பாடம்.

நான் சமையலறை ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டேன். ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் பழைய வார இதழ் ஒன்றைப் புரட்டுவேன். முதல் வாரம் நிலைமை மோசமாகத்தான் ஆனது. ஒரு இரவில் நான்கு தடவை எழுந்தேன், மறுநாள் அலுவலகத்தில் எண்கள் கண் முன்னால் மிதந்தன. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை எழுந்தால் போதும் என்றானது. இத்தனை வழிகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்களும், எழுந்து நடந்தால் தடுமாறும் முதியவர்களும் மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

நினைக்காமல் இருப்பதும் வேறொன்றை நினைப்பதும்

குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன வைத்தியர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் கிட்டத்தட்ட அதையே சோதனையாகச் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே, தவணையை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பதை முதலில் கைவிடுங்கள்.

நூறிலிருந்து தலைகீழாக எண்ணுவது எனக்கு உதவவில்லை. எண்கள் என் தொழில் என்பதாலோ என்னவோ, எண்ணிக்கொண்டே கவலையும் பட முடிந்தது. காட்சியாக ஒன்றை விரித்துப் பார்ப்பது அதைவிட நல்லது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்விலும், அமைதியான, மனதை இழுக்கும் காட்சி ஒன்றைக் கற்பனை செய்தவர்கள், எந்த வழியும் சொல்லப்படாதவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். நான் எங்கள் பாட்டி வீட்டுக்குள் போவேன். திண்ணையின் குளிர்ச்சி, ஆசாரத்தின் (நடுக்கூடத்தின்) தூண், அடுப்படியில் புகை படிந்த ஓடு, புழக்கடையில் துவைக்கும் கல். துவைக்கும் கல்லை எட்டும் முன்பே தூங்கிய இரவுகள் உண்டு.

பட்டியல் எழுதுவதும் கவலைக்கு நேரம் ஒதுக்குவதும்

2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளையும், மற்றவர்கள் செய்து முடித்த வேலைகளையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுதப் பலன் கூடியது. நாளைய வேலையை நினைத்தால் பதற்றம்தானே கூடும் என்று நான் நினைத்திருந்தேன். தாளில் இறங்கியதை மனம் காவல் காக்க வேண்டியதில்லை போலும்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எனக்குப் போதும். "பில் பிரச்சினை" என்று எழுதினால் பயனில்லை. "விட்டுப்போன 2 நூல் பில், காலை 10 மணி, குடோனில் கேட்க வேண்டும்" என்று எழுதினால்தான் மனம் விடுகிறது.

ஆனால் அம்மாவின் சர்க்கரையை எந்தப் பட்டியலில் எழுதுவது? மாத்திரை வாங்கியாயிற்று, மருத்துவரைப் பார்த்தாயிற்று. செய்ய மிச்சம் எதுவுமில்லை, பயம் மட்டும் மிச்சம். இந்த வகைக் கவலைக்குப் பட்டியல் பயன்படாது. இதற்குத்தான் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-இல் விவரித்த முறை பொருந்துகிறது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைக்கு. மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் அந்த நேரத்துக்கு ஒத்திப்போட வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போகிறேன். ஆறரையிலிருந்து ஆறே முக்கால் வரைதான் எனக்குக் கிடைக்கிறது. அதற்குள் குக்கர் வைக்கச் சொல்லிக் குரல் வந்துவிடும். கவலையை அடக்காமல் முழுதாக நினைத்துப் பார்க்கிறேன், சில நாள் அழுதும் இருக்கிறேன். அதன் பிறகு இரவில் அதே நினைவு வந்தால் "நாளை ஆறரைக்கு" என்று சொல்ல முடிகிறது. பட்டியல் அன்றிரவே பலன் தரும். இது பழக ஒரு மாதம் பிடிக்கும். தனியாக உட்கார ஓர் இடமும் நேரமும் வேண்டும், அதுதான் வீட்டுப் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. குடும்பத்தார் அந்தக் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் பெரிய உதவி.

வெதுவெதுப்பான பால், மெதுவாக மூச்சை வெளியே விடுவது எல்லாம் நல்லவை, கெடுதல் இல்லை. அவற்றை மட்டும் நம்பியிருந்தால் மாதக்கணக்கான விழிப்பு தீராது. மாலைக் காபியைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே பெரும்பாலோருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக் காபியின் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கிறது.

இவற்றைவிடக் கடுமையான ஒரு வழியும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேனும் சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்டது. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், படுக்கும் நேரத்தையே ஐந்தரையாகச் சுருக்கி, தூக்கம் விட்டுவிட்டு வராமல் இறுகியதும் கால் மணி கால் மணியாகக் கூட்டுவது. பலன் உண்டு, ஆனால் முதல் வாரங்களில் பகலில் தூக்கக் கலக்கம் கடுமையாக இருக்கும். வண்டி ஓட்டுபவர்களும், எங்கள் ஊரில் கட்டிங் மெஷினில் நிற்பவர்களும், வலிப்பு அல்லது இருதுருவ மனநோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவர்களும் மருத்துவர் துணையில்லாமல் இதைத் தொடக் கூடாது. நான் ஒன்பதரைக்கே படுக்கப் போவதை நிறுத்தியதோடு சரி.

மாத்திரைக்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவர் சளிக்கான மாத்திரை ஒன்றைக் கொடுத்து, போட்டால் நன்றாகத் தூங்கலாம் என்றார். தூங்கினேன், மறுநாள் மதியம்வரை தலை பாரமாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது நான் மேலே சொன்னவை போன்ற பயிற்சிகள் அடங்கிய உளவியல் சிகிச்சைதான் என்கிறது. மாத்திரை அதற்குப் பிறகு, குறுகிய காலத்துக்கு. ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று இரவுகள் என்று மூன்று மாதம் தாண்டினாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நிற்பதாக வீட்டில் சொன்னாலோ, நாற்காலியும் பட்டியலும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.