அவிநாசி மனு எழுதும் கடை: நூறு ரூபாய்க்கு ஒரு கேள்வி

அவிநாசி தாலுகா ஆபீஸ் பக்கம் மனுவோடு போகிறவர்கள், அதற்கு முன் எதிர்ச் சந்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு தடவை போய்விட்டுப் போங்கள். பலகையில் எழுத்து மங்கிவிட்டது. ‘ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதித் தரப்படும்’ என்பது மட்டும் தெரிகிறது. ஒரு மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கடையை நடத்தும் அம்மணி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். இந்த மாதிரிக் கடை தாலுகா ஆபீஸ் இருக்கிற எல்லா ஊரிலும் உண்டு. இதைப் பற்றி மட்டும் எழுதக் காரணம், இங்கே மனு எழுதும் விதம்.

நம் பக்கம் மனு சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்போம். இன்னாருக்குப் பங்காளி, இன்னாருக்குச் சம்பந்தி, இன்ன கட்சியில் இத்தனை வருஷம். நான் போயிருந்தபோது சேவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மணி குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் விரல் அசையவில்லை. பெரியவர் முடித்ததும் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், அப்புறம் நேராகக் கேள்விகள், அவ்வளவுதான் அடித்தார்.

“ஏனுங் அம்மணி, நம்ம ஒன்றியத்துக்கு வேண்டியவன்னு ஒரு வரி போட்ருங்கொ, அப்பத்தான் வேலை ஆகும்” என்றார் பெரியவர்.

“அதெல்லாம் வேண்டாங்கய்யா. இதுல அதுக்கு எடமே இல்லீங்க. நீங்க கேக்கறீங்க, அவங்க பதில் சொல்லோணும். உங்க பேரே போதுமுங்க.”

அது தகவல் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) கேட்கும் மனு. 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்த சட்டம். அதற்கு முன்பே, 1997-இல், இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நம் மாநிலம்தான். ஆனால் அதில் சொல்ல முடியாது என்று ஒதுக்கி வைத்த விஷயங்கள் நிறைய. 2005 சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இந்தியக் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அதன் 6(2) பிரிவு, தகவல் ஏன் வேண்டும் என்று மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது. இந்தக் கடையில் அடிக்கும் ஒவ்வொரு ஆர்டிஐ மனுவிலும் கடைசிப் பத்தியாக அந்தப் பிரிவு இருக்கும்.

எனக்கு அந்தப் பிரிவின் மேல் பெரிய மரியாதை உண்டு. அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்த பெருமாநல்லூர் இங்கிருந்து பக்கம்தான். 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் கோவைக்கு மாட்டு வண்டி பூட்டிப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஆனால் அதெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து கேட்டது. சங்கம் இல்லாமல், சாதி பலம் இல்லாமல், ஆள் பழக்கம் இல்லாமல், ஒற்றை ஆளாக ஒருவன் கேட்டாலும் அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்பது வேறு விஷயம். தாராளவாத ஜனநாயகம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதற்கு என்னைப் பொறுத்தவரை அர்த்தம் அதுதான். ஓட்டுப் போடுவதோடு அது முடிந்துவிடாது.

சரி, விலைக்கு வருகிறேன். சாதாரண மனு ஒரு பக்கம் 40 ரூபாய். ஆர்டிஐ மனு ஸ்டாம்போடு சேர்த்து 100. தபால் செலவு நம்முடையது. மேல்முறையீடு 150. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதி போட்டு நம் கையில் கொடுத்து, 30-ஆம் நாள் எது என்று காலண்டரில் பார்த்துப் பென்சிலால் ஓரத்தில் குறித்தும் தருகிறார். வேறு எந்தக் கடையிலும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. கேள்விகளையும் அவரே திருத்துகிறார். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் சுலபமாகத் தட்டிக் கழித்துவிடுவார்கள் என்று, எந்த ஆவணத்தின் நகல் வேண்டும் என்று கேட்கும்படி மாற்றிவிடுகிறார்.

நான் கேட்டது எங்கள் ஊர்க் குட்டையைப் பற்றி. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோது மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்றார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கேட்டு வந்த தண்ணீர். வரும் தண்ணீர் நிற்க வேண்டுமானால் குட்டை ஆழமாக இருக்க வேண்டுமே. தூர் வாரியதாகக் கணக்கு இருக்கிறது. குட்டைக்குள் சீமைக்கருவேலம் ஆள் உயரம் நிற்கிறது. எவ்வளவு செலவு, வேலை எடுத்தவர் யார், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கொடுங்கள், இவ்வளவுதான் கேள்வி. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

முதலில் வந்தது போன். “எதுக்குங்க உங்களுக்கு அந்த விவரம்?” மனுவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள் என்றேன். அடுத்து ஊரிலேயே ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து, எதுக்குங்க இந்த வம்பு, நம்மாளுங்கதானே என்றார். கெடு தாண்டி ஒரு வழியாகப் பதில் வந்தது. செலவுத் தொகை இருந்தது. ஒப்பந்ததாரர் பெயர் ‘தனிப்பட்ட தகவல்’, தர இயலாது.

பதிலைப் பார்த்த அம்மணிக்கு முகம் வாடிவிட்டது. “இப்பல்லாம் இப்படித்தானுங்கண்ணா எழுதறாங்க” என்றார். விஷயம் என்னவென்றால், தனிப்பட்ட தகவலைத் தர மறுப்பது பற்றிய ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(j) பிரிவில் முன்பு ஒரு சமநிலை இருந்தது. பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரத்தைத்தான் மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை ஒரு குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் கூடவே இருந்தது. 2023-இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் 2019 திருத்தத்தில், தகவல் ஆணையர்களுக்கு இருந்த ஐந்தாண்டு நிலையான பதவிக்காலத்தை எடுத்துவிட்டு, எத்தனை காலம், என்ன சம்பளம் என்பதையெல்லாம் மத்திய அரசே முடிவு செய்யும் என்று மாற்றினார்கள். சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. மனு வாங்குகிறார்கள், ரசீது தருகிறார்கள். உள்ளே இருந்த சத்து மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இதில்தான் நிஜமான பயம்.

தனிமனிதரின் அந்தரங்கம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அதை அடிப்படை உரிமை என்றார்களே, அது நல்ல தீர்ப்பு. அந்தரங்கம் எங்கே வேண்டும் என்பதை இந்தக் கடையிலேயே பார்த்தேன். சட்டை மடிப்புக் கலையாத இரண்டு பேர் வந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் பதிந்துகொண்ட ஒரு பெண்ணின் இப்போதைய விலாசத்தைக் கேட்டு மனு அடிக்கச் சொன்னார்கள். பெண் எங்கள் சொந்தம் என்றார்கள். பணம் எவ்வளவு வேண்டுமானாலும் என்றார்கள். “அது அந்தப் பொண்ணு பாடுங்க. நான் அடிக்கமாட்டனுங்க” என்று சொல்லிவிட்டு, அம்மணி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை நினைத்துப் பார்த்தால் அந்த மறுப்பின் மதிப்பு தெரியும். அந்தப் பெண்ணின் விலாசத்தை மறைப்பதும் ஊர்க் குட்டையில் மண் எடுக்கப் பணம் வாங்கியவர் பெயரை மறைப்பதும் ஒன்றல்ல. பழைய பிரிவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

குற்றம் மேலே உள்ளவர்கள் மேல் மட்டும் இல்லை, நம் மேலும் இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்து திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்தியது நம் ஆட்கள். 2015 ஜனவரியில் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் சமாதானக் கூட்டம் என்று உட்கார வைத்து ஓர் எழுத்தாளரிடம் வருத்தம் எழுதி வாங்கியதும் இதே கொங்கு நாட்டில்தான். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. கோர்ட் வரை போக முடியாதவர்கள் எத்தனை பேரோ.

கடைக் கூட்டமும் மாறிவிட்டது என்கிறார் அம்மணி. முன்பு கேள்வி கேட்கும் மனு நிறைய வருமாம். இப்போது வருவதில் பெரும்பகுதி உதவித்தொகை, பட்டா, மகளிர் உரிமைத்தொகையில் பெயர் விட்டுப்போனது. அந்த ஆயிரம் ரூபாய் கேட்பது நியாயமான உரிமைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொடுப்பவரை மனத்தாங்கல் படுத்திவிடுவோமோ என்று குட்டையைப் பற்றிக் கேட்காமல் போகிறார்கள் பாருங்கள், அதுதான் வலிக்கிறது. பஞ்சாயத்துத் தலைவரிடமாவது கேட்கலாம் என்றால், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. 2016-க்கும் 2019-க்கும் நடுவிலும் இதே கதைதான். இரண்டு தடவையும் ஆட்சியில் இருந்தது வேறு வேறு கட்சி.

கடையில் குறை இல்லாமல் இல்லை. ஃபேன் ஒன்றே ஒன்று, அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சுற்றும். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், யுபிஎஸ் கிடையாது. ஒற்றெழுத்து அங்கங்கே விட்டுப்போகும், கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்குப் போக வேண்டியது. மனு அடித்துத் தருவார், விசாரணையில் என்ன பேசுவது என்பதெல்லாம் நம் பாடு. கோபமாக நாலு வார்த்தை சேர்க்கச் சொன்னால் சேர்க்கமாட்டார். சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடித்திருந்தது.

என் முதல் மேல்முறையீட்டில், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று இன்னமும் இருக்கும் 8(2) பிரிவையும், செலவு விவரத்தை அலுவலகமே தானாக வெளியிட வேண்டும் என்னும் 4-ஆம் பிரிவையும் அம்மணிதான் எடுத்துக் கொடுத்தார். அனுப்பியாகிவிட்டது. 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், இழுத்தால் 45.

திங்கட்கிழமை போகாதீர்கள், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் என்பதால் காலையிலேயே கூட்டம். மற்ற நாளில் பத்து மணிக்குப் போனால் அரை மணி நேரத்தில் முடியும். ஆதார் எல்லாம் தேவையில்லை. கேள்வியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.