மலிவு பெட்ரோல் பம்ப்: வீட்டிலேயே மாற்றி இரண்டு வருடத்துக்குப் பிறகு

காரின் பெட்ரோல் பம்பை, அதாவது டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் சின்ன மோட்டாரை, வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இணையத்தில் வாங்கிய மலிவுப் பம்ப்தான், ஏறக்குறைய 60 வெள்ளி (ரிங்கிட்). மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலம் ஏறி தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போய்வருகிற கார் இது, சும்மா நிறுத்திவைத்த வண்டியில் போட்டுப் பார்த்த கதை இல்லை. பம்ப் மோட்டார் இன்றுவரை நன்றாக உழைக்கிறது. ஆனால் அதே பெட்டியில் கூட வந்த சில்லறைச் சாமான்களை, அதாவது ரப்பர் வளையம், ஹோஸ், வயர் இவற்றை, நம்பவே நம்பாதீர்கள்.

என்ன மாடல் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி, அதற்குக் கீழே டேங்குக்குள் பம்ப் என்று இருக்கிற சாதாரண இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களில் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். டேங்கையே இறக்க வேண்டிய வண்டி என்றால் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

என் காரில் முதலில் தெரிந்தது, மத்தியான வெயிலில் நெரிசலில் ஊர்ந்தால் திணறும், நின்றுவிட்டால் கொஞ்ச நேரம் ஆறிய பிறகுதான் கிளம்பும், டேங்கில் எண்ணெய் (பெட்ரோல்) குறைந்தால் பின்பக்கம் ஒரு ரீங்காரம் கேட்கும். பக்கத்து ஊரான பிறையில் ஒரு பட்டறையில் காட்டினேன். "தம்பி, காடிக்கு வயசாச்சு, பம்ப் செட்டோட மாத்தணும்" என்று சொல்லி, கூலியோடு 600 வெள்ளிக்கு மேல் கணக்குச் சொன்னார். அவர் சொன்னது நியாயமான விலைதான், ஒரிஜினல் செட் அவ்வளவு ஆகும். ஆனால் அந்தச் செட்டில் பெரும்பாலும் தேய்ந்துபோவது நடுவில் இருக்கும் மோட்டார்தான், மிதவை, பிளாஸ்டிக் கூடு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

வாங்குவதற்கு முன் கண்டிப்பாகச் சோதித்துப் பாருங்கள், ஏனென்றால் பம்ப் போய்விட்டது என்று நினைக்கும் பல கார்களில் பியூஸோ, பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயோதான் போயிருக்கும். சாவியை ஆன் பண்ணினால் பின்னால் 2 வினாடி ஒரு முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, பியூஸைப் பாருங்கள், அதே மாதிரி இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள், பம்ப் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்து பேட்டரி அளவுக்கு வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். எனக்கு வோல்ட் சரியாக வந்தது. அப்புறம் தம்பியைச் சாவியைத் திருகச் சொல்லி, நான் கீழே படுத்து டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினேன், உடனே கிளம்பியது! உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோன பம்புக்கு இது நல்ல அடையாளம்.

வேலை என்று பார்த்தால் ஒரு காலைப் பொழுது போதும். பயப்பட வேண்டியது பெட்ரோல் ஆவிக்கு மட்டும்தான். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். எங்கள் வாசலில் சாமி விளக்கு, பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வாசலில் ஊதுபத்தி. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டும் எரியாத நேரமாகப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன், பக்கத்தில் தூள் தீயணைப்பானும் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து இதைச் செய்யவே கூடாது. டேங்கில் கால்பாகத்துக்கும் குறைவாக எண்ணெய் இருக்கட்டும், பம்ப் பியூஸைப் பிடுங்கி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்தால் சுற்றிலும் மண், அதைத் துடைக்காமல் பம்ப் செட்டைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைத் திருகினால் அத்தனையும் டேங்குக்குள் விழும். செட்டை நேராக உருவாமல் சாய்த்து எடுத்தால் மிதவைக் கம்பி வளையாது. அது வளைந்தால் எண்ணெய் முள் பொய் சொல்லும்.

இப்போது சில்லறைச் சாமான்கள். பெட்டியில் வந்த சின்ன ஹோஸில் எந்த எழுத்தும் இல்லை. டேங்குக்குள் பெட்ரோலில் முழுகிக் கிடக்கும் ஹோஸ் 30ஆர்10 (30R10) ரகமாக இருக்க வேண்டும். எஞ்சின் பக்கம் போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் வெளிப்பக்கமும் நனைந்தால் ஊறிப் பிளந்துவிடும், அப்போது பம்ப் புதிதாக இருந்தும் அழுத்தம் இருக்காது. சரியான ஹோஸ் ஒரு சின்னத் துண்டே பம்ப் விலையில் பாதி வந்தது, வாங்கித்தான் போட்டேன். வயரைச் சேர்த்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றாதீர்கள், பெட்ரோலில் அதன் பசை கரைந்துவிடும். மேல் ரப்பர் வளையத்தை, புதிதுதானே என்று பெட்டியில் வந்ததையே போட்டேன், சில மாதத்தில் உப்பிவிட்டது. டேங்க் நிரம்ப அடித்த அன்று மட்டும் பின் சீட்டில் பெட்ரோல் வாடை, பாதிக்குக் கீழே இறங்கினால் வாடை இல்லை. ஒரிஜினல் வளையம் வாங்கிப் போட்டதோடு அது நின்றது. அதனால் நீங்கள் போடும்போது, டேங்கை முழுக்க நிரப்பி ஒருமுறை மோந்து பார்த்த பிறகுதான் சீட்டை மூடுங்கள்.

பம்ப் எப்படி? போட்ட அன்று அழுத்தமானியில் 3 பாருக்குச் சற்று மேல் காட்டியது, சமீபத்தில் வைத்துப் பார்த்தபோதும் அங்கேயேதான் நின்றது. ஈப்போ போகும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் ஏற்றத்தில், நாலு பேரும் சாமானும் ஏற்றி ஏசி போட்டு மிதித்தாலும் திணறவில்லை. பழைய பம்ப் அந்த இடத்தில்தான் கையை விரிக்கும். சத்தம் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் கூடுதல், ரேடியோ போட்டால் தெரியாது. ஒரே குறை, பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி இறங்காமல் தடுக்க உள்ளே இருக்கும் செக் வால்வு சுமார் ரகம். ராத்திரி முழுக்க நின்றால் லைனில் அழுத்தம் இறங்கிவிடுகிறது, அதனால் காலையில் ஸ்டார்ட்டர் கூடுதலாகச் சுற்றுகிறது. சாவியை ஆன் பண்ணி அந்த 2 வினாடி முனகல் முடிந்ததும் ஆஃப் பண்ணி, மறுபடி ஆன் பண்ணித் திருகினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அவர் கார் என்றால் நான் ஒரிஜினல்தான் போட்டிருப்பேன்.

இன்னொரு விஷயம், டேங்கில் இருக்கிற பெட்ரோல்தான் இந்தப் பம்புக்குக் குளிர்ச்சியும் உயவும். எண்ணெய் தீர்கிறது என்று விளக்கு எரிந்த பிறகும் இருபது வெள்ளி இருபது வெள்ளியாக அடித்து ஓட்டுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, மலிவுப் பம்ப் அதைத் தாங்காது. கால்பாகத்துக்குக் கீழே நான் இறக்குவதில்லை. இது ஓடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர், ராத்திரியில் பிள்ளைகளோடு தூரப்பயணம் போகிறவர் 60 வெள்ளிப் பம்பை நாட வேண்டாம், நல்ல பெயருள்ள மோட்டாரை நேரில் கடையில் வாங்குங்கள், பெரிய பெயர் அச்சடித்த பெட்டி பாதி விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். தீபாவளிக்கு முன்னால் நான் மறுபடி மூடியைத் திறக்கப்போகிறேன், அடியில் பெட்ரோலை வடிகட்டும் சல்லடைப் பையை மட்டும் மாற்ற. அதையும் பெட்டியில் வந்ததாகப் போட்டிருக்கிறேன், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.