பாரம் இழுக்க மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

ஜெனரேட்டர் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காடு ஏற வேண்டிய தொழில் எனக்கு. அதனால்தான் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் டீசலில் ஆட்டோமேட்டிக் எடுத்தேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

வேகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேனுவல்தான் வேகம் என்ற காலம் போய்விட்டது. போர்ஷே 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் கார் (992 தலைமுறை) நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மேனுவலில் 3.9 நொடி, பிடிகே என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் 3.4 நொடி. ஓட்டுகிற சுகம் வேறு கணக்கு, அதில் என் ஓட்டும் மேனுவலுக்கே. விலையும் அதில் குறைவு, தெரிந்ததுதான்.

இழுவைக்கு வருவோம். ஸ்கார்ப்பியோ-என்னின் 175 குதிரைத்திறன் டீசலில் மேனுவலுக்கு 370 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், ஆட்டோமேட்டிக்குக்கு 400. டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.8 லிட்டர் டீசலில் இன்னும் மோசம்: மேனுவலுக்கு 420, ஆட்டோமேட்டிக்குக்கு 500. எஞ்சின் ஒன்றேதான்!

ஆனால் என் முடிவுக்குக் காரணம் இந்த எண்கள் இல்லை, கிளட்ச். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் இறங்குகிறது, நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். பின்னால் பாரம். மேனுவலில் மறுபடி கிளம்ப ஹாஃப் கிளட்ச் போட்டே ஆக வேண்டும், அதாவது பெடலைப் பாதி மட்டும் விட வேண்டும். அப்போது கிளட்ச் பிளேட் உரசுகிற சூடு முழுவதும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் இறங்கும். கருகிய வாடை வந்துவிட்டால் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். இன்றைய டீசல்கள் பலவற்றில் இருக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலும் (எஞ்சின் அதிர்வை அடக்கும் சக்கரம்) போயிருந்தால் பில் எங்கேயோ போய் நிற்கும்.

என் ஆட்டோமேட்டிக்கில் அந்த கிளட்சுக்குப் பதில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். அதில் கிளம்பும்போது உரசுவதற்குப் பிளேட் இல்லை, எஞ்சினின் பலம் ஆயில் வழியாகப் போகிறது. அந்த நேரத்தில் டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருக்கியும் தருகிறது. சூடு இதிலும் உண்டு, அது ஆயிலுக்குப் போய் கூலரில் ஆறும். அதனால் பாரம் இழுக்கிறவர்கள் கியர் ஆயிலைக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை: நான் சொல்வது டார்க் கன்வர்ட்டர் வண்டியைப் பற்றி மட்டும். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். டிரை கிளட்ச் டிசிடியும் (ஆயிலில் நனையாத இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) மேட்டில் ஊர்ந்தால் சூடேறிவிடும். ஷோரூமில் எல்லாவற்றையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்றே சொல்வார்கள், கேட்டு வாங்குங்கள்.

இறக்கத்தில் மேனுவல் கொஞ்சம் மேல். இரண்டாவது கியரில் போட்டால் வண்டி அதே கியரில் இருக்கும், எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். ஆட்டோமேட்டிக்கை டி-யிலேயே (டிரைவ்) விட்டு இறங்கினால் பிரேக் சூடேறிவிடும். நான் மேனுவல் மோடுக்கு மாற்றி, கியரைக் குறைத்துக்கொண்டுதான் இறங்குவேன்.

நீண்ட கால ரிப்பேர் பற்றி அடித்துச் சொல்ல முடியாது, என் வண்டி இன்னும் புதுசு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறக்கும் நிலை வந்தால், நான் மிச்சம் பிடித்த கிளட்ச் காசெல்லாம் அதிலேயே போகலாம். பக்கத்தில் நல்ல சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர்க்காரர் என்றால் மேனுவலே எடுங்கள். பேட்டரி பலம் குறைந்தால் மேனுவல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பேச்சே இல்லை. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, சக்கரம் தரையில் படாமல் ஃபிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும்.