தோட்டத்துக்கு சோலார்: 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா?

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு மின்கம்பம் இன்னும் வரவில்லை, அதனால் போன வருடம் சோலார் போட்டோம். எந்தப் பனல், எந்தப் பற்றரி என்பதை விட 12 வோல்ற்றில் கட்டுவதா, 24 வோல்ற்றில் கட்டுவதா என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. கடைசியில் 24 எடுத்தோம், அதாவது இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக, ஒன்றின் நேர் முனையை மற்றதன் எதிர் முனையோடு சேர்த்துக் கட்டினோம். இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

12 வோல்ற்றின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். உழவு மெசின் பற்றரியைக்கூட அவசரத்துக்குக் கழற்றிப் பூட்டலாம், எல்ஈடி பல்பு, ரேடியோ எல்லாம் நேரே ஓடும். யுத்தத்தால் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட சனத்துக்கு இதெல்லாம் பழகிய வேலை. இரண்டு மூன்று பல்பும் போன் சார்ஜும்தான் தேவை என்றால் யோசிக்கவே வேண்டாம், 12 போதும்.

சரி, மோட்டர் ஓட வேண்டும் என்றால்? அங்கேதான் கணக்கு மாறுகிறது. வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் வாற். வாற்றை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர். கிணற்றுக்கு ஒரு அரைக் குதிரைவலு மோட்டர், அது இழுப்பது 550 வாற் என்று வையுங்கள். 230 வோல்ற்றில் அது இரண்டரை அம்பியர் அளவுதான். அதே வேலைக்குப் பற்றரியிலிருந்து, அதை 230 வோல்ற்றாக மாற்றும் இன்வேர்ட்டருக்கு, அது தின்னும் பங்கையும் சேர்த்து, 12 வோல்ற்றில் 50 அம்பியர் போக வேண்டும், 24 வோல்ற்றில் 25 போதும். மோட்டர் கிளம்பும் அந்தக் கணத்தில் இதைப் போலப் பல மடங்கு. வயரைச் சூடாக்குவது இந்த அம்பியர்தான், அதுவும் வர்க்கக் கணக்கில்: அம்பியர் பாதியானால் வயரில் வீணாவது கால்வாசியாகிவிடும். 12 வோல்ற் தொகுதியில் தடித்த கேபிள் வேண்டும், முனையில் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சூடேறும், பற்றரி வோல்ற் சரிந்து இன்வேர்ட்டர் கீச்சிட்டு நின்றுவிடும்.

பனல் பக்கமும் இதே கதைதான், எங்கள் வளவுகளுக்கு இது இன்னும் முக்கியம். வீட்டைச் சுற்றி மாவும் பலாவும் நிற்கும்போது நிழல் விழாத வெளி தேடிப் பனலைத் தள்ளித்தான் வைக்க வேண்டும். 20 மீற்றர் தூரம், 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், 300 வாற் பனல் என்று எடுத்தால், 12 வோல்ற் பனல்களைச் சமாந்தரமாக, நேரோடு நேரும் எதிரோடு எதிருமாகக் கட்டும்போது (அவை உண்மையில் 18 வோல்ற் அளவில் வேலை செய்யும்) வயரிலேயே 34 வாற் போகிறது, 24 வோல்ற்றுக்காகத் தொடராகக் கட்டினால் 9 வாற்றுக்குள். பனலின் கூடிய வோல்ற்றைப் பற்றரிக்கு ஏற்றபடி குறைத்து சார்ஜ் ஏற்றும் எம்பிபிரி (MPPT) கொன்ட்ரோலர் போட்டால் பற்றரி 12 ஆக இருந்தாலும் பனல்களைத் தொடராகக் கட்டி இதைத் தவிர்க்கலாமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கொன்ட்ரோலர் விலை அம்பியரை வைத்துத்தான் ஏறுகிறது: 30 அம்பியர் பெட்டி 12 வோல்ற் பற்றரிக்கு 400 வாற் பனல் அளவில் தாங்கும், 24 வோல்ற் பற்றரிக்கு அதே பெட்டி 800.

இரண்டு 12 வோல்ற், 100 அம்பியர் மணிப் பற்றரிகளைச் சமாந்தரமாகக் கட்டினால் 200 கிடைக்கிறதே, தொடரில் 100 தானே என்று பலர் தயங்குகிறார்கள். வோல்ற்றால் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 2400 வாற் மணிதான்.

24 வோல்ற்றில் கவனிக்க வேண்டியது பற்றரிச் சோடி. ஒரே வகை, ஒரே வயது, ஒன்றாக வாங்கியதாக இருக்க வேண்டும்; ஒன்று தளர்ந்தால் மற்றதையும் கெடுக்கும். 12 வோல்ற் சாமானுக்காகச் சோடியில் ஒன்றில் மட்டும் வயர் எடுக்கவே கூடாது, வோல்ற் குறைக்கும் சிறிய கொன்வேர்ட்டர் ஒன்று போடுங்கள். யானையைத் தடுக்கும் மின்வேலிப் பெட்டியை நாங்கள் தனிச் சிறு பற்றரியிலேயே விட்டுவிட்டோம்.

இதெல்லாம் ஈயப் பற்றரியை வைத்துச் சொல்வது. லித்தியமும் 48 வோல்ற் தொகுதியும் நான் பாவித்ததில்லை, கணக்கு அதே கணக்குத்தான் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஏற்கனவே 12 வோல்ற் வைத்திருப்பவர்கள் இரண்டாவது பற்றரி வாங்கப் போகும் நேரத்தில்தான் இதை முடிவு செய்ய வேண்டும். பழைய 12 வோல்ற் இன்வேர்ட்டரில் 24 வோல்ற் கொடுத்தால் எரிந்துபோகும், அதனால் இன்வேர்ட்டர் விலையையும் சேர்த்துப் பாருங்கள்; கொன்ட்ரோலர் அநேகமாக இரண்டுக்கும் பொருந்துவதாகவே இருக்கும், பின்பக்கம் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுப் பூட்டுங்கள்.