வடகரையா, தென்கரையா? கத்திரி வெயிலில் கரூர் முதல் திருச்சி வரை சைக்கிளில்

மே மாதத்தில் காவிரிக் கரையோரமாகச் சைக்கிள் மிதிக்கப் போகிறேன் என்றால், "தண்ணியே இல்லாத ஆத்துல என்னத்தப் பாக்கப் போற?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கும். நடுவில் உள்ள மாதங்களில் மாயனூருக்குக் கிழக்கே அகண்ட காவிரி பெரும்பாலும் மணல்வெளி. ஆனாலும் கரையில் தென்னை இருக்கிறது, வாழை இருக்கிறது, ஊருக்கு ஊர் கோயில் இருக்கிறது. கோடை விடுமுறையில்தான் பலருக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. அதனால் கத்திரியிலும் போகத்தான் செய்கிறோம்.

இரண்டு கரையிலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 80 முதல் 90 கிலோமீட்டர். மேடு பள்ளமும் பெரிதாக இல்லை. வித்தியாசம் எல்லாம் நிழலிலும், முடியாமல் போனால் வெளியேறும் வழியிலும் இருக்கிறது.

தென்கரை என்பது கரூர், மாயனூர், லாலாபேட்டை, குளித்தலை, பெட்டவாய்த்தலை, ஜீயபுரம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 81. தார் நன்றாக இருக்கும், வேகம் பிடிக்கும். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்குள் பாதி தூரத்துக்கு மேல் தாண்டிவிடலாம். அதற்கப்புறம்தான் சோதனை. அகலச் சாலையில் மர நிழல் ஓரத்தோடு நின்றுவிடும். மேலே வெயில், கீழே தார்ச் சூடு, பக்கத்தில் லாரி கிளப்பும் அனல். கரூர் வட்டாரம் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் அடிக்கடி மேலே நிற்கும் ஊர், 40 டிகிரி அங்கே அதிசயமில்லை. இத்தனை சொன்னாலும் தென்கரைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஈரோடு–திருச்சி ரயில் பாதை கூடவே வருகிறது. சாலையில் நின்று கை காட்டினால் பஸ்ஸோ குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியோ கிடைக்கும். தனியாகப் போகிறவருக்கும் முதல் முறை போகிறவருக்கும் இது சின்ன விஷயமில்லை.

வடகரையில் மோகனூர், காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி, குணசீலம் என்று போக வேண்டும். கரூரிலிருந்து வாங்கல் பாலம் ஏறினால் மோகனூர் வந்துவிடும். அங்கிருந்து தொட்டியம் வரை சாலை குறுகல், வேகம் குறையும், முன்னால் வைக்கோல் வண்டி போனால் பொறுமையாகப் பின்னால் போக வேண்டியதுதான். ஆனால் வாழைத் தோப்புகளையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் ஒட்டிப் போகும்போது காற்று சட்டென்று மாறுவதை முழங்கையில் உணரலாம். அதே இடத்தில் ஈரப்பதம் கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியர்வை சீக்கிரம் காயாது, சட்டை ஒட்டும். வெயிலில் காய்வதைவிட அதுவே எனக்குப் பரவாயில்லை. கடைகள் தென்கரை அளவுக்கு அடுத்தடுத்து இல்லை என்பதால் 2 லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் வண்டியில் கட்டிக்கொள்ள வேண்டும். முசிறிக்குப் பிறகு போக்குவரத்து கூடி, இந்தச் சாலையும் ஏறக்குறைய மற்றதைப் போல ஆகிவிடுகிறது.

என் ஓட்டு வடகரைக்கு. வெயிலில் நம்மை முடிப்பது தூரம் அல்ல, நிழல் இல்லாத அந்தக் கடைசி இரண்டு மணி நேரம். ஒரு வருடம் தென்கரையில், 11 மணிக்கு மேலும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று மிதித்து, பெட்டவாய்த்தலை தாண்டித் தலை கிறுகிறுத்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு சுட்டது, வியர்வை நின்றிருந்தது. வியர்வை நிற்பதும் பேச்சு தடுமாறுவதும் வெயில் தாக்கியதன் அறிகுறி. அந்த நிலையில் யாரும் மேற்கொண்டு மிதிக்கக் கூடாது. உடம்பை நனைத்து, காற்றோட்டத்தில் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எந்தக் கரையானாலும் திசை முக்கியம், மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் நல்லது. மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முதுகில் தள்ளும். இன்னொன்றும் உண்டு. இங்கே ஏப்ரல் 20 வாக்கில் உச்சந்தலைக்கு நேராக நிற்கும் சூரியன் பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. கிழக்கே போகும்போது நமக்கு இடப்பக்கம் வடக்கு. அந்தப் பக்கத்து மரங்களின் நிழல் நம் மேல்தான் விழும். காலையில் கண்ணில் வெயில் குத்துவது உண்மை. தொப்பி விளிம்பை இறக்கிவிட்டால் போதும்.

குடிப்பதில் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போக வேண்டும். நீர்மோர், நீராகாரம், கம்மங்கூழ் எல்லாம் நல்லது. எதுவும் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வைத்துக்கொள்ளலாம். கரண்டி தலைதட்டி இருக்கட்டும்.

இரண்டு கரையையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் குளித்தலை–முசிறி பாலம் இருக்கிறது. "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்" என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். குளித்தலைக் கடம்பவனநாதர், அய்யர்மலை, அக்கரையில் திருஈங்கோய்மலை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தரிசிப்பது. அதில் அய்யர்மலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. மே மாத மத்தியானத்தில் சைக்கிளை விட்டு இறங்கி அதை ஏறச் சொல்லமாட்டேன், அந்த வரிசையைக் கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நான் செய்வது வேறு. வடகரையில் முசிறி வரை போய் 10 மணிக்கு நிறுத்திவிடுவேன். 4 மணிக்கு உடம்பு சரியாக இருந்தால் குணசீலம் வழியாகவே தொடர்ந்து கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். சரியில்லை என்றால் பாலம் ஏறிக் குளித்தலைக்குப் போய், கிடைக்கிற குட்டியானையில் சைக்கிளைப் படுக்க வைத்துக் கட்டிவிடுவேன்.