வெள்ளவத்தையில் இரண்டு வங்கிகளும் அம்மாவின் எஃப்டியும்

2009இல் இருந்து கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் எனக்கு இரண்டு கணக்குகள். சம்பளம் விழுவது ஒரு தனியார் வங்கியில். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு ஓர் அரச வங்கியில். வெள்ளவத்தையில் புடைவைக் கடையையும் நகைக் கடையையும் விட்டால் அடுத்தது வங்கிதான், தெரிவுக்குக் குறைவில்லை.

வங்கி ஆப்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்பு வேறு வங்கிக்குக் காசு அனுப்பினால் அடுத்த நாள் வரைகூடக் காத்திருக்க நேரும். 2015இல் வங்கிகளுக்கிடையே உடனே காசு மாற்றும் பொது வலையமைப்பான செஃப்ட்ஸ் வந்தபின் போயா விடுமுறை நாளிலும் நொடியில் போய்ச் சேருகிறது. ஆனால் எல்லா வங்கிக்கும் தண்ணீர் வருவது அந்த ஒரே குழாயில்தான். திறக்கிற பைப் மட்டும் வேறு, நிறம் வேறு. அதை வைத்து வங்கி மாற எனக்குத் தோன்றியதில்லை.

குழாய் அடைத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒருமுறை வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபா கழிந்தது, காசு வரவில்லை. என் தனியார் வங்கியின் கோல் சென்டரில் தமிழுக்கென்று இருந்த இலக்கத்தை அழுத்தினேன். சிங்களத்தில்தான் பதில் வந்தது. "மெஷின்காரரிடம் கேளுங்கள்" என்றார்கள். மெஷின்காரர் "உங்கள் வங்கியிடம் கேளுங்கள்" என்றார்கள். காசு திரும்பி வர 17 நாள்.

அதே வங்கியின் கிளையில் இருந்த ஒரு பிள்ளைதான் 2022 மே மாதம் அம்மாவைத் தேடிப் பிடித்தாள். ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கி வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியிருந்தது. அம்மாவின் 8 இலட்சம் ரூபா எஃப்டியோ, அதாவது நிலையான வைப்போ, அரச வங்கியில் ஜனவரியில் தானாகப் புதுப்பிக்கப்பட்டு 6 வீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் சொல்வார்கள், கேட்காதவரைக்கும் அவர்களுக்கு மலிவான காசு.

பிள்ளை வைப்புத் துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். "அன்ரி, இப்ப முறிச்சா நாலு மாத வட்டி முழுக்கப் போனாலும் 16,000தான். 15 வீதத்தில போட்டா மிச்ச எட்டு மாதத்தில 48,000 கூட வரும்."

"பாங்க் விழுந்தா?"

"11 இலட்சம் வரைக்கும் வைப்புக் காப்புறுதி இருக்கு அன்ரி."

தன் வங்கிக்கு வைப்புப் பிடிக்கத்தான் வந்தாள், அதில் மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் காசு எங்களுக்கு விளங்குகிற பாஷையில் கணக்காக வந்தது அன்றுதான். அம்மா அந்தத் துண்டை இன்னும் வங்கிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்.

2025 ஏப்ரலில் வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 ஆனது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அதைச் சொல்லி, நிரப்பி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி போட்டுத் தந்ததும் அவள்தான். அரச வங்கியில் மிச்சமிருந்த சின்ன எஃப்டிக்கு அந்தப் படிவத்தை நானே கேட்டு வாங்கினேன்.

போன மாதம் அவளுக்கு மாற்றம் வந்துவிட்டது, கொட்டாஞ்சேனைக் கிளைக்கு. புதிதாக வந்தவர் டோக்கன் மெஷினைக் காட்டிவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து அம்மா கேட்டது ஒன்றுதான்: "கொட்டாஞ்சேனைக்கு எத்தனை பஸ் மாறவேணும்?"